ரத்தத்தில் வந்த நாலு நம்பர்

அவசரப் பிரிவில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. மிஸி என் முழங்கை மடிப்பிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு குழாய்க்கு ஊதா மூடி, ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு நீலம். நிரம்பியதும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பார்கோடு ஒட்டினார்.

"எதுக்கு மிஸி இத்தனை?" என்றேன். ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"ஒண்ணு கிட்னிக்கு. ஒண்ணு உப்பு பாக்க. இது ஹார்ட்டுக்கு. இப்ப எப்படி இருக்கு, இனிமே எப்படி இருக்கும்னு டாக்டர் பாப்பாங்க."

இனிமே எப்படி இருக்கும். அட, இது என் வேலை ஆயிற்றே!

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் நான் பொறியாளர். புதுச் சில்லுகளை அடுப்பு மாதிரி சூடான பெட்டிக்குள் வைத்து ஓட விடுவோம். சீக்கிரம் சாகப்போகிற சில்லு முன்கூட்டியே ஒரு சின்ன அறிகுறி காட்டும். எங்கேயாவது துளி மின்சாரம் கசியும். அந்தக் கசிவை அளந்து, 'இது ஒரு வருடம் தாங்காது' என்று சொல்லித் தூக்கிப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இப்போது பார்கோடு ஒட்டிய தட்டில் இருப்பது நான். கசிவது என் இதயம். மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும் எனக்குள் ஒரு மூலை சுறுசுறுப்பாக எழுந்து உட்கார்ந்தது. எதை அளக்கிறார்கள்? எதை வைத்துச் சொல்கிறார்கள்? எவ்வளவு சரியாகச் சொல்வார்கள்?

கொஞ்சம் பின்னால் போகிறேன். என் பெயர் ரீத்தா. பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். தினமும் தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து தீவுக்கு வேலைக்குப் போகிறவள். ஒரு காய்ச்சல் வந்தது, போனது. இருமல் மட்டும் போகவில்லை. கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள். படுத்தால் மூச்சு அடைத்தது, அதனால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கினேன். 'வேலை ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில்லு கசிந்தால் துள்ளிக் குதிக்கிற நான், என் கணுக்கால் வீங்கியதைக் காலணியின் குறை என்று நினைத்து ஒரு அளவு பெரியதாக வாங்கினேன். கடைசியில் தொழிற்சாலைப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. அங்கிருந்து நேராக ஜார்ஜ் டவுனில் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் நூருல் வந்து, குளிர்ந்த பசையை நெஞ்சில் தடவி, எக்கோ என்கிற ஒலிப்படத்தைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். ஏதோ ஒரு கிருமி இதயத் தசையைத் தாக்கியிருக்கலாம், தசை தளர்ந்து அறை பெருத்திருக்கிறது, ஒரு துடிப்புக்கு வெளியே தள்ள வேண்டிய ரத்தத்தில் பாதிகூடத் தள்ளவில்லை, தேங்கியது நுரையீரலிலும் காலிலும் நீராக நிற்கிறது. இதற்குப் பெயர் ஹார்ட் ஃபெயிலியர்.

அம்மா அப்போதுதான் ஓடி வந்திருந்தாள். அந்த ஒரு சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது.

"ஃபெயிலா? எஸ்.பி.எம் பரீட்சையில கூட எம்புள்ள ஃபெயில் ஆனதில்லையே!"

எனக்குச் சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது. இந்தச் சொல்லைக் கேட்டு நடுங்குகிற எல்லாருக்கும் நான் இப்போது சொல்வது இதுதான். தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறார்கள், கேட்டால் இதயம் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. நிற்பதில்லை. வேலை செய்கிறது, போதுமான அளவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

மாலையில் ரத்த முடிவு வந்தது. இதய அறையின் சுவர் அளவுக்கு மீறி விரியும்போது, 'தண்ணி ஜாஸ்தி, வெளியேத்து' என்று உடம்புக்குச் சொல்ல இதயமே ஒரு பொருளைச் சுரக்கும். அது எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் அளக்கலாம். என்டி-ப்ரோ-பிஎன்பி என்று அதற்கு வாயில் நுழையாத பெயர். சுவர் அதிகம் விரிந்தால் எண் அதிகம். என் வயதில் அது நூறுக்குப் பக்கத்தில் அடங்கி இருக்க வேண்டுமாம்.

எனக்கு 6384.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறார். வேலை முடிந்து அதே நீலச் சட்டையோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு மெல்ல,

"எவ்வளவு காட்டுதும்மா?"

"ஆறாயிரத்து முந்நூத்தி எண்பத்து நாலுப்பா."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். உள்ளங்கையில் எழுதினார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "என்னங்க இது! புள்ள மூச்சு விட முடியாம கெடக்குது, நீங்க நம்பர் எழுதுறீங்களா?"

"நாலு இலக்கம் லா," என்றார் அப்பா, வேறு ஒரு சமாதானமும் தேவையில்லை என்பதுபோல.

எங்கள் பக்கம் நாலு நம்பர் லாட்டரிக்கு எண் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். மோதி நின்ற காடியின் நம்பர் பிளேட், கனவில் வந்த வீட்டு எண், செத்தவரின் கட்டில் எண். கெட்டது நடந்த இடத்தில் அதிர்ஷ்டம் சிந்திக் கிடக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் மகளின் ரத்தத்திலிருந்து எண் எடுத்த முதல் ஆள் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். ஒரே எண்ணை வைத்து டாக்டர் ஒரு கணிப்புச் சொல்லப்போகிறார், அப்பா ஒரு கணிப்புக்குச் சீட்டு வாங்கப்போகிறார். எனக்கு இரண்டிலும் ஆர்வம் வந்துவிட்டது.

வார்டில் என் பக்கத்துக் கட்டில் லெட்சுமி அக்காவுக்கு. புக்கிட் மெர்தாஜாம் பாசாரில் காலையில் அப்பம் சுட்டு விற்கிறவர். இதயமும் பலவீனம், கிட்னியும் பலவீனம். பல வருடமாக ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர், மிஸிகளைப் பெயர் சொல்லி அழைப்பவர். நான் வந்த மறுநாளே விசாரணை தொடங்கிவிட்டது.

"தங்கச்சி, உனக்கு எவ்வளவு?"

"ஆறாயிரம் சொச்சம் அக்கா."

"அவ்வளவுதானா? எனக்கு அஞ்சு இலக்கம்!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, "அதான் எந்தக் கடையிலயும் எடுக்க முடியாது" என்றார். அப்பா நம்பர் எழுதிய கதை அதற்குள் வார்டு முழுக்கப் பரவியிருந்தது.

நாட்கள் ஒரு மாதிரி ஒழுங்குக்கு வந்தன. விடிந்ததும் எடை. தண்ணீரை வெளியேற்றும் மருந்தை ஊசியாகப் போடுவார்கள், உடம்பில் தேங்கியது எவ்வளவு போனது என்று எடைதான் சொல்லும். நாள் முழுக்கக் குடிக்க ஒரு சின்ன ஜாடித் தண்ணீர், அதற்கு மேல் கிடையாது. பினாங்கு வெயிலில், மின்விசிறி வெக்கையையே சுற்றிச் சுற்றித் தள்ளும் வார்டில், அதுதான் பெரிய தண்டனை. லெட்சுமி அக்கா ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டுக்கொண்டு,

"இது தண்ணி இல்ல லா, ஐஸு" என்பார்.

"உருகினா என்ன ஆகும் அக்கா?"

"உருகுறது என் வாயில. ஜாடியில இல்லையே."

எல்லாச் சோதனைக்கும் டாக்டரிடம் காரணம் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். ட்ரோபோனின் என்பது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் பொருள், கிரியாட்டினின் கிட்னி எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும், பொட்டாசியம் கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பு தடுமாறும். பொட்டாசியத்தை நான் மறக்கவே மாட்டேன். காரணம் அம்மா. உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று தினமும் இளநீர் கொண்டு வந்தாள். தண்ணீர்க் கணக்கு இடிக்கக் கூடாது என்று ஜாடியில் அதே அளவைக் குறைத்துவிட்டு இளநீரைக் குடித்தேன். எவ்வளவு புத்திசாலித்தனம்! பொட்டாசியம் மட்டும் ஏன் ஏறுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு காலையில் டாக்டர் நூருல் வந்தபோது என் வாயில் உறிஞ்சுகுழல் இருந்தது.

"புவான்," என்று அம்மாவிடம் மரியாதையாகச் சொன்னார், "நான் கொடுக்கிற மாத்திரை பொட்டாசியத்தை உடம்புல தங்க வைக்கும். இளநீர் முழுக்கப் பொட்டாசியம். நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கமா தள்ளிக்கிட்டு இருக்கோம்."

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. ஊரே நல்லது என்று சொல்கிற பொருள் மகளைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது. மறுநாள் உப்பில்லா ரசம் கொண்டு வந்தாள். குடித்துப் பார்த்தேன். சுடுதண்ணீரில் மிளகு நீந்திக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"பொய் சொல்லாத. நானும் அப்பாவும் நேத்துலேந்து அதத்தான் சாப்பிடுறோம். கேவலமா இருக்கு."

வீட்டில் எல்லாருக்கும் உப்பை நிறுத்திவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் எங்களை மூழ்கடிக்கவில்லை. ஒரு புது மாத்திரை மட்டும் வெளியே வாங்க வேண்டியிருந்தது, அப்பா அதற்காகக் கூடுதல் நேரம் வேலை பார்த்தார். பணத்தைவிட அந்த ரசம்தான் எனக்குக் கனமாக இருந்தது.

ஒருநாள் டாக்டர் ஒரு ஆய்வு பற்றிச் சொன்னார். இதய நோயாளிகளின் ரத்தத்தை இன்னும் ஒரு குழாய் எடுத்து வைத்து, யார் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், யார் நன்றாகிறார்கள் என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதாம். "உனக்கு இதனால ஒரு லாபமும் இல்ல. உனக்குப் பின்னால வர்றவங்களுக்கு இருக்கலாம்." லெட்சுமி அக்கா ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

கையை நீட்டினேன். நீட்டிக்கொண்டே கேட்டேன், "என் எண்ணை வச்சு எனக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இந்த எண் கூட்டத்தைப் பத்திப் பேசும். இப்படி எண் இருக்கிறவங்களை நிறைய சேர்த்துப் பாத்தா, எந்தக் கூட்டத்துக்கு ஆபத்து ஜாஸ்தின்னு சொல்லும். அந்தக் கூட்டத்துல நீ யாருன்னு சொல்லாது. உன் விஷயத்துல நான் பாக்கிறது எண்ணை இல்ல, அது எந்தப் பக்கம் போகுதுங்கிறதை."

எந்தப் பக்கம் போனது? வீட்டுக்கு அனுப்பும் நாளில் 2710. இறங்கியிருக்கிறது, இன்னும் நாலு இலக்கம்தான். அன்றைக்கே டாக்டர் அடுத்த கட்டத்தையும் சொல்லிவிட்டார். மூன்று மாதம் மாத்திரை. பிறகு மறுபடி எக்கோ, மறுபடி ரத்தம். இதயம் ரத்தத்தைத் தள்ளும் பங்கு ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு மேல் ஏறினால் நல்லது. ஏறாவிட்டால் கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டும். பலவீனமான இதயம் சில சமயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம், அப்போது அந்தக் கருவி மின்னதிர்ச்சி கொடுத்துத் திருப்பிக் கொண்டுவரும். உயிர் காக்கும் கருவி, அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அது தேவைப்பட்டால் என் இதயம் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். அந்த மூன்று மாதமும் எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். ஏறுமா?

வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு வராத கலை. தொலைபேசியில் ஒரு வரைபடம் போட்டேன். 6384 ஒரு புள்ளி, 2710 ஒரு புள்ளி. இரண்டு புள்ளியை வைத்து யாராவது கோடு போடுவார்களா? அடுத்த ரத்தச் சோதனை மூன்று மாதம் கழித்து. எனக்கு நடுவில் ஒரு புள்ளி வேண்டும். பாதி வழியில் ஒரு காலை, அம்மா பாசாருக்குப் போன நேரத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், "இதயத்துக்கான அந்த பிஎன்பி டெஸ்ட்" என்று கேட்டுக் கையை நீட்டினேன்.

முடிவு தொலைபேசிக்கு வந்தது. 412.

நானூற்றுப் பன்னிரண்டு! வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். வரைபடத்தில் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியது. இதே வேகத்தில் போனால் எந்த வாரத்தில் நூறைத் தொடுவேன் என்றுகூடக் கணக்குப் போட்டேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா வேலை முடிந்து வந்ததும் வரைபடத்தைக் காட்டினேன்.

"மூணு இலக்கமா!" அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. "அப்ப இனிமே வாங்க வேணாம் லா."

"இன்னுமா வாங்கிக்கிட்டு இருக்கீங்க?"

"விடாம. அதே ஆறாயிரத்து முந்நூத்தி எண்பத்து நாலு."

"விழுந்துச்சா?"

"எங்க விழுந்துச்சு? ஆனா அது உன் ஒடம்புக்கு வேணாத நம்பரு. கடையிலயே விட்டுட்டு விட்டுட்டு வந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு உப்பைத் திரும்ப அழைத்து வந்தாள். கருவாட்டுக் குழம்பு. சாயங்காலம் அப்பா சார் குவே தியாவ் என்கிற வறுத்த நூடுல்ஸ் வாங்கி வந்தார், வாழையிலையின் கரிந்த வாசனையோடு. மறுநாள் நானே சூப் குடித்தேன். ஜாடியை அலமாரியில் வைத்துவிட்டேன். காலையில் எடை பார்ப்பதும் நின்றது. நன்றாகிவிட்டவள் ஏன் தினமும் எடை பார்க்க வேண்டும்?

சில நாட்களில் காலுறையைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம், வளையம் போட்ட மாதிரி. விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. எடைப் பெட்டியைத் தேடி எடுத்து ஏறினேன். எடை கூடியிருந்தது, அதுவும் நிறையவே. ஆஸ்பத்திரி இதயப் பிரிவுக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள்.

3150.

நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தில் அந்தப் புள்ளியை வைத்தேன். சறுக்குமரம் திடீரென்று சுவராக எழுந்து நின்றது. 412-லிருந்து 3150. அம்மாவிடம் காட்டவில்லை. ஆனால் நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்ததை அவள் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்காமல் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குள் ஒரு சில்லைத் தட்டிலிருந்து எடுத்து ஓரமாகப் போடும் சத்தம் கேட்டது.

டாக்டர் நூருல் அறையில் வரைபடத்தை நீட்டினேன். ஒரு நொடி பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இந்த நானூத்திப் பன்னிரண்டு எங்கேருந்து வந்துச்சு?"

சொன்னேன். அந்த முடிவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ரீத்தா, இது வேற டெஸ்ட்."

காகிதத்தில் ஒரு நீளக் கோடு போட்டு, நடுவில் வெட்டினார். இதயம் சுரப்பது முதலில் ஒரே நீளத் துண்டு, பிறகு அது இரண்டாக வெட்டுப்படும். ஒரு பாதிதான் வேலை செய்கிற பாதி, சீக்கிரம் கரைந்துபோகும். அதற்குப் பெயர் பிஎன்பி. இன்னொரு பாதிக்கு வேலை எதுவும் இல்லை, ரத்தத்தில் கூடுதல் நேரம் மிதந்துகொண்டிருக்கும். அதுதான் என்டி-ப்ரோ-பிஎன்பி, இங்கே ஆஸ்பத்திரியில் அளப்பது. ஒரே ஆளிடம் ஒரே நாளில் எடுத்தாலும் இரண்டாவதன் எண் முதலாவதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும். அதோடு, நான் சாப்பிடும் புது மாத்திரை முதல் பாதியைக் கரைய விடாமல் தடுக்கும். அதனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பிஎன்பி-யை நம்பிக் கணக்குப் போட முடியாது.

"ரெண்டு வேற அளவுகோல்ல அளந்ததை ஒரே கோட்டுல போட்டிருக்கே. உங்க ஃபேக்டரியில இப்படித்தான் செய்வீங்களா?"

எனக்குக் காது சுட்டது. தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்தால் முதல் வேலையே பழைய இயந்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான். அதைப் பார்க்காமல் இரண்டு இயந்திர அளவுகளைக் கலந்த ஒரு புதுப் பையனை நான் போன வருடம் கூட்டத்தில் வைத்தே வாங்கு வாங்கு என்று வாங்கினேன். பாவம், அவன் சில்லைத்தான் கலந்தான்.

டாக்டர் 412-ஐப் பேனாவால் அடித்தார். மிச்சம் நின்றது 6384, 2710, 3150. சுவர் காணாமல் போனது. அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. இடையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். "கருவாடும் சூப்பும்," என்றார் டாக்டர். அம்மா தலையைக் குனிந்தாள். தண்ணீர் மாத்திரையைக் கொஞ்ச நாளுக்குக் கூட்டினார், ஜாடியை அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னார். "உன் காலுறைதான் சரியா சொல்லியிருக்கு. அடுத்த தடவை அதையும் சேர்த்துப் பாரு."

அன்று மாலை அப்பா காடியில் அழைத்துக்கொண்டு போனார். பாலத்தின் நடுவில் வந்ததும் கேட்டார்.

"அப்ப அந்த நானூத்திப் பன்னிரண்டு பொய்யா?"

"பொய் இல்லப்பா. நான் கேக்காத கேள்விக்குச் சரியான பதில்."

"யூனிவர்சிட்டி வரைக்கும் படிக்க வச்சேன் லா," என்று பெருமூச்சு விட்டார். கொஞ்ச தூரம் போனதும், "நான் மறுபடியும் கடைக்குப் போகணும்போல" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். பிறகு மூவரும் சிரித்தோம். வீக்கம் இன்னும் வடியவில்லை, ஆனால் நெஞ்சில் ஏதோ இறங்கியிருந்தது.

மிச்ச வாரங்களைச் சொல்ல அதிகமில்லை. அதுவே நல்ல செய்தி. காலையில் எடை. ஜாடி. மிளகுத் தண்ணீர் ரசம், அதில் அம்மா எலுமிச்சை பிழிந்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். மாலையில் அப்பாவோடு மெதுவாக ஒரு நடை. முதலில் தெரு முனை, அப்புறம் கோயில், அப்புறம் பள்ளிக்கூடம். தனியார் கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார், நான் உள்ளே ஓடிவிடுவேன் என்பதுபோல.

மூன்று மாதம் முடிந்து, ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். பையிலிருந்து அப்ப வாசனை வந்தது. மிஸிகளுக்கு என்றார்.

"எப்படி அக்கா இருக்கீங்க?"

"அதே அஞ்சு இலக்கம்தான் லா. விடிகாலையில எழுந்து மாவு கரைக்கிறேன், விக்கிறேன், தூங்குறேன். நம்பர் அது பாட்டுக்கு இருக்கு, நான் என் பாட்டுக்கு இருக்கேன்."

கிட்னி சரியாக வடிகட்டாதவர்களுக்கு அந்த எண் எப்போதும் உயரமாகத்தான் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது ஒரு காரணம். அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

குளிர்ந்த பசை, இருட்டறை, திரையில் என் இதயம். இந்த முறை நானே திரும்பிப் பார்த்தேன். முதல் தடவை சோம்பலாகக் கையசைத்த சுவர் இப்போது உள்பக்கம் வந்து போவது எனக்கே தெரிந்தது. ஆனாலும் நம்பவில்லை. ஒருமுறை நம்பிச் சூப் குடித்தவள்.

டாக்டர் நூருல் திரையை என் பக்கம் திருப்பினார். தள்ளும் பங்கு கோட்டைத் தாண்டியிருந்தது. பெரிதாக இல்லை, தாண்டியிருந்தது. "கருவி இப்போதைக்கு வேணாம். மாத்திரை நிறுத்தாதே. இன்னும் ஏறும்னு எதிர்பாக்கிறேன், உறுதியா சொல்ல மாட்டேன்." பிறகு ரத்த முடிவு. 874.

அப்பா கிரேன் மேலே இருக்கும்போது போன் எடுக்க மாட்டார். இறங்கியதும் அவரே கூப்பிட்டார். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"எவ்வளவும்மா?"

"எண்ணூத்தி எழுபத்து நாலு."

இரைச்சல் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு,

"அதே மெஷினா?"

"அதே மெஷின்பா. அதே டெஸ்ட். ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"கருவி?"

"வேணாமாம்."

அவர் மூக்கை உறிஞ்சுவது தெளிவாகக் கேட்டது. ஒருவழியாக, "முன்னாடி ஒரு சைபர் போட்டா எடுக்கலாம் லா" என்றார்.

"இத விட்டுட்டு வர வேணாம்பா. இது நமக்கு வேணும்."

"ஆமா," என்றார் அப்பா. "இது நமக்கு வேணும்."

கிளம்பும்முன் டாக்டரிடம் ஒன்று கேட்டிருந்தேன். அவருடைய ஆய்வு அட்டவணையை ஒழுங்குபடுத்த ஆள் தேவையா என்று. சிரித்தார். ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கினார். பெயர்கள் இல்லாமல் வெறும் எண்களாக, வருகிற சனிக்கிழமை என் கணினிக்கு வருகிறது. அரைநாள் வேலைக்குத் திரும்பிவிட்டேன், சனிக்கிழமை எனக்கு ஓய்வு.

முதல் வேலை எது என்று முடிவு செய்துவிட்டேன். எந்த எண் எந்த இயந்திரத்தில், எந்தச் சோதனையில் வந்தது என்று பிரிப்பது. அதை முடிக்காமல் ஒரு கோடுகூடப் போட மாட்டேன். அடுத்தது, எண்ணை மட்டும் பார்க்காமல் எடையையும் பொட்டாசியத்தையும் கிட்னியையும் பக்கத்தில் வைத்து, யார் திரும்பி வருவார்கள் என்று இன்னும் சரியாகச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. முடியாமலும் போகலாம்.

மூன்றாவதுதான் எனக்கு அரிக்கிறது. தொழிற்சாலையில் கூட்டத்தை விட்டு வெகு தூரம் விலகி நிற்கும் புள்ளியைக் கண்டால் எடுத்துப் போட்டுவிடுவோம். இந்த அட்டவணையில் எங்கேயோ ஐந்து இலக்கத்தில், எல்லாக் கோட்டுக்கும் வெளியே, ஒரு புள்ளி நிற்கும். அது யார் என்று நான் கேட்கக் கூடாது, கேட்க மாட்டேன். விடிகாலையில் மாவு கரைக்கிற அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துப் போடப்போவதில்லை. அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.